பச்சைச் சட்டைக்காரி – 14: அப்பா கொடுத்த வாக்கு

"அம்மா, வெள்ளிக்கிழமை மட்சுக்கு நீங்களும் வாறியளோ?"

யோகராணி தோசையைத் திருப்பிப் போட்டபடி சிரித்தார். "இதென்னடி, மூண்டாந்தரம் கேக்கிறாய்! வாறன் எண்டு எழுதித் தரவே?"

"சும்மா கேட்டனான்," என்று துர்க்காவும் சிரித்தாள்.

யோகராணி மகளின் உதைபந்தாட்டத்தை மைதானத்துக்குப் போய் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறார். துர்க்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எதிரணிப் பெண்ணின் முழங்கை பட்டு மூக்கு உடைந்து, வெள்ளைச் சட்டை சிவப்பானது. அதோடு சரி. அதற்குப் பிறகு மட்ச் நடக்கும் நேரமெல்லாம் சாமியறைதான். இந்தமுறை மட்டும் மனம் மாறியிருந்தார். அயர்லாந்து அணி ரொறன்ரோவுக்கே வந்து கனடாவோடு விளையாடுகிறது. மகள் பச்சைச் சட்டை போட்டு, தான் வளர்ந்த ஊரில் இறங்கப்போகிறாள். யோகராணியும் ஒரு பச்சைச் சேலை வாங்கி வைத்திருந்தார். அந்தச் சந்தோசத்தில்தான் பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று நினைத்தார்.

மேசையின் மறுபக்கம் இருந்த குலசிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

முந்தநாள் சனிக்கிழமை நடந்தது அந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும். இந்த வருடம் அவள் விளையாடும் ரொறன்ரோக் கழகத்தின் ஆட்டத்தில் கோர்னர் பந்து ஒன்றைத் தலையால் அடிக்க எழும்பியபோது, துர்க்காவும் எதிரணிக்காரியும் மண்டையோடு மண்டை மோதினார்கள். மற்றவள் விழுந்து கிடந்தாள். துர்க்கா எழுந்துவிட்டாள். எழுந்தவளை எல்லோரும் கை தட்டி வரவேற்றார்கள். இடைவேளை முடிந்து வந்தபோது அவள் எதிரணியின் பக்கத்தில் போய் நின்றதையும், யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டதையும் குலசிங்கம் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில், "எத்தனைக்கு எத்தனை அப்பா?" என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் அவர்களுடைய வீதிக்குள் வான் வண்டி திரும்பியபோது அவருடைய கையைப் பிடித்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லமாட்டன்," என்றார் அவர். முப்பது வயது மகள் கையைப் பிடித்துக் கேட்டால் வேறு என்ன சொல்ல முடியும்?

தம்பி பிரவீனன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். "அக்கா, நியூஸ் பாத்தியா? 'ஸ்காபரோ கேர்ள் கம்ஸ் ஹோம்' எண்டு போட்டிருக்கிறாங்கள். என்ரை வேலையிலை பாதிப்பேர் டிக்கெட் வாங்கிட்டாங்கள்."

"சத்தம் போடாதையடா," என்று துர்க்கா நெற்றியைப் பொத்தினாள். பிறகு வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"பெரிய ஸ்டார் ஆகிட்டா," என்று பிரவீனன் கேலி செய்தான்.

குலசிங்கம் வான் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா பிள்ளை. பத்து மணிக்கு அயர்லாந்து அணி நிக்கிற ஹோட்டலிலை இருக்கோணும்."

*

தமிழ்ப்பிள்ளை எப்படி அயர்லாந்துக்கு விளையாடப் போனாள் என்று கேட்காதவர்கள் இல்லை. கலியாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்வதென்றால் குலசிங்கத்துக்கு ஒரு தனி உற்சாகம்.

கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்ற், அவரையும் நிறைமாதத்தில் இருந்த யோகராணியையும் அயர்லாந்தின் ஷனன் விமான நிலையத்தில் விட்டுவிட்டு மறைந்துபோனான். அடுத்த கிழமையே லிமெரிக் நகரத்து ஆசுப்பத்திரியில் துர்க்கா பிறந்தாள். அந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. பெற்றோருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கு மூன்று வயதானபோதுதான் ஸ்காபரோ வந்து சேர்ந்தார்கள்.

பதினேழு வயதில் கனடா இளையோர் அணித் தேர்வுக்குப் போனாள். எடுபடவில்லை. காரில் ஏறியதும் அழுதாள். "ஒரு கதவு பூட்டினால் அடுத்த கதவைத் தட்டு" என்றார் அப்பா. அமெரிக்கப் பல்கலைக்கழகம், நோர்வே, ஸ்கொட்லாந்து என்று கதவுகளைத் தட்டிக்கொண்டே போனாள். அவளிடம் அயர்லாந்துக் கடவுச்சீட்டு இருப்பதை ஒரு பயிற்சியாளர் கவனித்தார். இருபத்திரண்டாவது வயதில் பச்சைச் சட்டை கிடைத்தது. நடுப் பின்களத்தில் அவள் நின்றால் உயரப் பந்து எதுவும் தாண்டிப் போகாது என்று பெயர் எடுத்தாள். எல்லாவற்றையும் தலையால் அடித்தாள்.

குலசிங்கம் பாடசாலை பஸ் ஓட்டுகிறவர். பின்னேரம் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வந்து மகளைப் பயிற்சிக்கு ஏற்றிக்கொண்டு போவார். வீட்டின் முற்றத்தில் பந்தை உயர எறிந்து, "அடி பிள்ளை, கண்ணை மூடாமல் அடி" என்று பழக்கியதும் அவர்தான்.

அந்தக் குரல் இப்போது அவருடைய காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது.

*

நெடுஞ்சாலையில் பாதி வழி போயிருப்பார்கள்.

"அப்பா, ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

வீதியோரத்தில் நிறுத்துவதற்குள் துர்க்கா கதவைத் திறந்தாள். காலையில் சாப்பிட்ட தோசை முழுவதும் வெளியே வந்தது. குலசிங்கம் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து முதுகைத் தடவினார். பக்கத்தில் பாரவண்டிகள் இரைந்துகொண்டு போயின. ஒவ்வொரு இரைச்சலுக்கும் அவள் உடம்பு கூசியது.

"பிள்ளை, டொக்டரிட்டைப் போவம்."

"சத்தி எடுத்தது பதட்டத்துக்கு அப்பா. பெரிய மட்ச் எண்டால் எனக்கு எப்பவும் உப்பிடித்தான்."

"எத்தினை வருசமா உன்னை ஏத்தி இறக்கிறன்? ஒருநாளும் நீ உப்பிடிச் செய்யேல்லை."

அவள் வாயைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். வான் மறுபடி ஓடத் தொடங்கியதும் சொன்னாள்: "இது ஒண்டுதான். இதோடை நிப்பாட்டுறன். சத்தியமா."

"அங்கை சோதிப்பினமே?"

"சோதிப்பினம். பத்துச் சொல்லுச் சொல்லிப்போட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்லுவினம். வருசத் துவக்கத்திலை செய்ததோடை ஒப்பிட்டுப் பாப்பினம்." சிறிய சிரிப்பு ஒன்று வந்தது. "அண்டைக்கு வேணுமெண்டே பிழையாச் செய்தனான். இப்ப கொஞ்சம் பிழைச்சாலும் சரியாத்தான் வரும். கன பேர் செய்யிறவை."

தன் மகள் கெட்டிக்காரி என்று குலசிங்கம் எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் கெட்டித்தனம் இப்படி ஒரு வேலைக்கும் போகும் என்று அவர் நினைத்ததில்லை.

*

ஹோட்டல் வாசல் மண்டபம் முழுக்கப் பச்சை நிற உடுப்புகள். துர்க்காவைக் கண்டதும் நாலைந்து பேர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். அவளும் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தாள். கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

குலசிங்கம் அவளுடைய பையை வைத்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். கதவடிவரை வந்துவிட்டார்.

வரவேற்பு மேசையில் வேலை செய்யும் பெண் எழுந்து வெளியே வந்தாள். "துர்க்கா அக்கா! நானும் தமிழ்தான், பக்கத்திலை மார்க்கம் டவுணிலை இருக்கிறன். ஓ மை கோட், நான் வெள்ளிக்கிழமை வாறன்! ஒரு சைன் வைச்சுத் தருவீங்களா?"

"ஓம், என்ன பேர்?"

"கஜனி."

துர்க்கா அவள் நீட்டிய அட்டையையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தாள். "சொறி, என்ன பேர்?"

"கஜனி."

பேனா அட்டையைத் தொட்டது. இரண்டு எழுத்து எழுதியது. நின்றது. துர்க்கா மறுபடி நிமிர்ந்து, முதல்தடவை பார்ப்பதுபோல அந்தப் பெண்ணைப் பார்த்து, அன்பாகக் கேட்டாள்: "உங்கடை பேர் என்ன?"

கஜனியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கரைந்தது.

குலசிங்கம் திரும்பி நடந்தார். மண்டபத்தின் மூலையில் அணியின் மருத்துவர் மடிக்கணினியோடு இருந்தார். நரைத்த தலை. டொக்டர் ஷீலா. அந்தப் பெயர் அயர்லாந்திலும் உண்டு என்பதைக் கேட்டு யோகராணி முன்பு ஆச்சரியப்பட்டதுண்டு.

"டொக்டர்," என்றார் குலசிங்கம். அவருடைய ஆங்கிலம் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளுக்குப் போதுமானது. இதற்குப் போதவில்லை. "மை டோட்டர். சற்றடே, ஹெட். பிக் ஹிட். ஷீ இஸ் ஃபர்கெற்றிங். டுடே வொமிற். ப்ளீஸ். டோன்ட் லெட் ஹேர் பிளே."

டொக்டர் ஷீலா கணினியை மூடினார்.

மின்தூக்கி வாசலில் நின்ற துர்க்கா திரும்பிப் பார்த்தாள். அப்பா யாரோடு பேசுகிறார் என்பதைக் கண்டாள். அவளுக்கு வேறு எதுவும் விளங்க வேண்டியிருக்கவில்லை.

*

டொக்டர் பத்துச் சொல்லையும் கேட்கவில்லை. சிறிய அறை ஒன்றில் கதவைச் சாத்திவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடச் சொன்னார்.

துர்க்கா கண்ணை மூடினாள். மூடியதும் வெட்டிய மரம்போலச் சரிந்தாள். டொக்டர்தான் தாங்கிப் பிடித்தார்.

"இன்னொருக்கா செய்யிறன்," என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள். இரண்டாவது தடவையும் சரிந்தாள்.

"இதுவரை எத்தனை தடவை இப்படி அடிபட்டது? எங்களுக்குச் சொன்னது இரண்டு."

விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்து, "ஐந்து" என்றாள்.

டொக்டர் அவளுக்கு முன்னால் முழந்தாளிட்டு இருந்து, மெதுவாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. இன்னொருமுறை அடிபட்டால் என்ன நடக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது. இனி அவள் விளையாடுவதற்குத் தான் சம்மதிக்கப்போவதில்லை. இப்போதே ஆசுப்பத்திரிக்குப் போய் ஸ்கான் எடுக்க வேண்டும்.

துர்க்கா அழவில்லை. தன் காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் காலுறைகள். அறைக்கு வெளியே தோழிகள் எதற்கோ சிரித்தார்கள்.

*

டொக்டர் ஷீலா முன்கூட்டியே அழைத்துச் சொல்லியிருந்ததால் ஆசுப்பத்திரியில் அதிகம் காத்திருக்க நேரவில்லை. ஸ்கானில் இரத்தக் கசிவு எதுவும் இல்லை என்றார்கள். விசேட வைத்தியரைப் பார்க்க நாள் தருவார்களாம். அதுவரை இருட்டறை, ஓய்வு. குழப்பம் கூடினால் உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும். தாதி இதை இரண்டுமுறை குலசிங்கத்திடம் சொன்னார்.

ஸ்கானுக்கு முன் காத்திருந்த கொஞ்ச நேரத்தில்தான் துர்க்கா அப்பாவிடம் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"வாக்குத் தந்தனீங்கள்."

"ஓம் பிள்ளை. தந்தனான்."

"நான் உங்களிட்டை ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை. மற்றப் பிள்ளையள் கார் கேட்டுதுகள், போன் கேட்டுதுகள். நான் தொண்ணூறு நிமிசம் கேட்டனான்."

"எனக்கு நீ வேணும்."

"எந்த நான்?" என்று அவள் கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். "பந்து இல்லாட்டி நான் ஆரப்பா? எனக்கு வேறை ஒண்டும் தெரியாது. நீங்கள் வேறை ஒண்டும் பழக்கேல்லை."

குலசிங்கம் அவளுடைய கையைப் பிடிக்கப் போனார்; அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இனி என்னோடை கதைக்காதேங்கோ," என்றாள் துர்க்கா. வீடு வரும்வரை கண்ணை மூடியே இருந்தாள். வந்ததும் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

*

செய்தி அவர்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. 'உடல்நிலை காரணமாகத் துர்க்கா குலசிங்கம் அணியிலிருந்து விலகல்' என்று ஒரு வரி. பிரவீனன் வேலையிலிருந்து பாதியில் ஓடிவந்திருந்தான்.

குலசிங்கம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னார். யோகராணி சுவரோடு சாய்ந்து நின்று கேட்டார். மட்ச் போனதே என்று அழுவார் என்று குலசிங்கம் எதிர்பார்த்தார். யோகராணி மட்சைப் பற்றிப் பேசவே இல்லை.

"சனிக்கிழமையே உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"சனி போய், ஞாயிறு போய்... ரெண்டு நாளா என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"பிள்ளை சொல்ல வேண்டாம் எண்டவள், யோகா."

"காலமை அவள் மூண்டுதரம் கேக்க நான் சிரிச்சனான்!" யோகராணியின் குரல் உடைந்தது. "பிள்ளைக்கு மூளை கலங்கி நிக்குது, தாய் நான் பகிடி விட்டுக்கொண்டு நிக்கிறன். நீங்கள் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். என்னண்டு இருந்தனீங்கள்?"

"அம்மா, அப்பாதானே கடைசியிலை சொன்னவர்," என்று பிரவீனன் இடையில் புகுந்தான். "இல்லையெண்டால் அக்கா விளையாடியிருப்பா. செத்துக்கூடப் போயிருப்பா, அம்மா."

"மூக்கு உடைஞ்ச அண்டே நிப்பாட்டுங்கோ எண்டு காலிலை விழாத குறையாச் சொன்னனான். ஆர் கேட்டது? இவருக்குப் பிள்ளை வேணும், பிள்ளையின்ரை பந்தும் வேணும்." யோகராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இப்ப ரெண்டும் இல்லாமல் ஆக்கிப்போட்டு வந்து இருக்கிறார்."

மனைவி சொன்னதில் ஒரு சொல்லையும் குலசிங்கத்தால் தள்ள முடியவில்லை. முப்பது வருடத்தில் செய்தவற்றில் பெருமையாக இருந்தது மகளைப் பந்துக்குப் பழக்கியது ஒன்றுதான். அதையே இன்றைக்கு யார் எடுத்துக் காட்டினாலும் குற்றமாகத் தெரிந்தது.

யாரும் சமைக்கவில்லை. யாரும் விளக்குப் போடவும் நினைக்கவில்லை. வெளியே ஏப்ரல் மாதத்து வெயில் மங்கி, எதிர்வீட்டு ஓரத்தில் கறுத்துக் கிடந்த பனிக்குவியல் சாம்பல் நிறமானது.

அப்போது மாடியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

துர்க்கா இறங்கி வந்தாள். முகம் கழுவி, தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். அணியின் மேற்சட்டையைப் போட்டிருந்தாள். தோளில் பை.

"என்னப்பா, எழுப்பியிருக்கலாமே? நேரம் போயிட்டுது. ஹோட்டலிலை எல்லாரும் வந்திருப்பினம்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பிரவீனன்தான் முதலில், "அக்கா..." என்றான்.

"ஏன் எல்லாரும் உப்பிடிப் பாக்கிறியள்? அப்பா, வாங்கோவன்."

அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். கோபமோ வருத்தமோ இல்லாத சிரிப்பு. ஹோட்டல் அறையில் சரிந்து விழுந்தது, 'எந்த நான்?' என்று கேட்டது, 'கதைக்காதேங்கோ' என்றது, ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. அவர் வாக்குத் தவறியதும் அதில் இல்லை.

குழப்பம் கூடினால் உடனே கொண்டுவர வேண்டும் என்று தாதி சொன்னது குலசிங்கத்துக்கு நினைவு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஓம் பிள்ளை," என்றார். "போவம்."

யோகராணி அவருடைய கையைப் பிடித்தார். "எங்கை கொண்டு போறியள்?" என்று மிக மெதுவாகக் கேட்டார். அவருடைய கண்ணைப் பார்த்ததும் யோகராணிக்கு விளங்கியது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தானும் வந்து வானின் பின் இருக்கையில் ஏறினார்.

துர்க்கா முன்னால் இருந்தாள். கனடா அணியின் ஒன்பதாம் இலக்கக்காரியை எப்படி மறிக்கப்போகிறேன் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். இடது காலால் வெட்டுவாளாம். அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டால் அவளிடம் வேறு வித்தை கிடையாதாம். குரல் முழுக்கச் சந்தோசம். குலசிங்கம் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு ஓட்டினார். பின்னால் யோகராணி விம்மலை விழுங்கும் சத்தம் கேட்டது.

சந்தி வந்தது. ஹோட்டலுக்குப் போகும் நெடுஞ்சாலைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஆசுப்பத்திரி நேரே இருந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. குலசிங்கம் வானை நேரே விட்டார்.

கதைத்துக்கொண்டிருந்த துர்க்கா நிறுத்தினாள். யன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்தாள். பின்னால் திரும்பி, அழுதுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள், "இது ஹோட்டலுக்குப் போற வழி இல்லையே?"